அண்டிரிக் அடிகளார்

பொருநையாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் புன்னைக்காயல். அதற்கு வடக்கே தூத்துக்குடியும் வேம்பாறும், தெற்கே மணப்பாடும் உள்ளன. முத்துக்குளிப்பால் பெயர்பெற்ற இக்கடற்கரைக்கு 1547ஆம் ஆண்டில் போர்ச்சுக்கல் நாட்டு இளைஞர் ஒருவர் சமயக் கல்வி புகட்ட வந்து சேர்ந்தார். அவரே அண்டிரிக் அடிகளார். 1520இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்தேழு.

அவருக்கு முன்னரே சவேரியார் இங்குத் தொண்டாற்றியிருந்தார். ஊர்தோறும் சிறுவர்க்குக் கற்பிக்கக் கணக்கப்பிள்ளைமாரை அமர்த்தினார். போர்ச்சுக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென இக்கரையில் திரட்டப்பெற்ற 4000 பொற்பணத்தைக் கேட்டுப் பெற்று, அவர்தம் ஊதியத்துக்கு ஆக்கினார். எனினும் மொழியறியாமை பெருந்தடையாக நின்றது. நம்புகிறேன் என்று கூறவேண்டிய இடத்தில், வேண்டும் என்னும் சொல் பாடத்துள் புகுந்துவிட்டது. அதனை 1544இல் சவேரியாரே கண்டு திருத்தினார். ஆசிரியரின் வாயில் ஒரு சொல் பிறழின், அப்பிழை நூறு பிள்ளைகளின் நாவில் நிலைத்துவிடுமன்றோ?

அண்டிரிக்காரும் முதலில் மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருந்தார். தாம் கூறியது ஒன்று, கேட்போரைச் சென்றடைந்தது மற்றொன்று என்பதை உணர்ந்தபோது, பிறர்க்குக் கற்பிக்குமுன் தாம் மாணாக்கராதல் வேண்டுமெனத் துணிந்தார். அது எளிய செயலன்று. ழகரம், ளகரம், ணகரம் போன்ற ஒலிகள் அவர்தம் தாய்மொழியில் இல்லை. ஐரோப்பியர் கற்றற்கேற்ற தமிழிலக்கணமும் அந்நாளில் இல்லை. ஆகவே இலத்தீன் இலக்கண முறையைத் துணையாகக் கொண்டு, வேற்றுமைகளையும் வினைகளின் இறந்தகால எதிர்கால வடிவங்களையும், சொல்லுள் எது முன், எது பின் நிற்கும் என்பதையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதிவைத்தார். 1548 அக்டோபரில் வேம்பாற்றிலிருந்து மடல் வரைந்தபோது, மொழிபெயர்ப்பாளரின் துணை பெரும்பாலும் வேண்டாத நிலையை எய்தியிருந்தார்.

அம்முதலாண்டின் உழைப்பு வீண்போகவில்லை. தமக்கென எழுதிய குறிப்புகள் பின்வருவோர்க்குப் பயன்படும் தமிழிலக்கண நூலாக வளர்ந்தன. புன்னைக்காயலில் தமிழ்ப் பள்ளியும் மருத்துவமனையும் எழுந்தன. 1578இல் கொல்லத்தில் அவர்தம் தம்பிரான் வணக்கம், பதினாறு பக்கங்களில், தமிழ் எழுத்தில் அச்சேறியது. இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. மறு ஆண்டில் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும், 1586இல் அடியார் வரலாறும் வெளிவந்தன. ஏட்டில் எழுதப்பெற்றுவந்த தமிழ், அச்சுத்தாளிலும் நடைபயிலத் தொடங்கியது.

அரை நூற்றாண்டுக்கு மேல் இக்கரையிலேயே வாழ்ந்த அடிகளார் 1600இல் மறைந்தார். அவருடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றது.

மாணவர்களே! முத்துக்குளிப்போர் மூச்சடக்கி ஆழத்தில் மூழ்கியே சிப்பியை எடுப்பர். அண்டிரிக்காரும் அவ்வாறே தமிழில் மூழ்கினார். தாம் அறியாததை அறியாததென ஒப்பி, கற்கத் தொடங்கியதே அவரை நல்லாசிரியராக்கிற்று. கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் அவர் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.