சொல்லுக்கு முன் கல்லைக் கண்டவர்

சரித்திரம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் மன்னர்கள். திண்டுக்கல்லில் வாழும் நமக்கு மலைக்கோட்டையும், அதை எழுப்பிய மதுரை நாயக்கர்களும், அங்கிருந்து ஆண்ட ஹைதர் அலியும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் மன்னனும் கோட்டையும் எழுத்தும் இல்லாத ஒரு நெடுங்காலம் இந்த மண்ணில் இருந்தது. அக்காலத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் சில சொற்கள் உண்டு. பிரிஹிஸ்டாரிக், பேலியோலிதிக், நியோலிதிக் என்று பள்ளியில் நாம் பொருள் அறியாமல் மனப்பாடம் செய்த சொற்களே அவை. அச்சொற்களுக்குத் தென்னாட்டு மண்ணில் சான்று தேடித் தந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் பெரியாரின் வாழ்க்கையை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்னும் ஊரில் பிறந்தார். 1858-ஆம் ஆண்டளவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அலுவலராகச் சென்னை மாகாணத்தில் பணி ஏற்றார். எந்த ஊரில் எந்தப் பாறை, எந்தத் தாது என்று கண்டு வரைபடம் தயாரிப்பதே அவருடைய வேலை. பழங்கால மனிதனைத் தேடும்படி அரசு அவருக்குக் கட்டளையிடவில்லை. அந்த ஆர்வம் அவருக்குத் தானாக வந்தது.

அவருடைய மாமனாரும் நம் நன்றிக்கு உரியவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரே அவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்ததோடு, ஆங்கிலம் - தமிழ் அகராதி ஒன்றையும் வெளியிட்டவர். மாமனார் சொற்களைத் திரட்டினார். மருமகன் கற்களைத் திரட்டினார் என்றால் மிகையாகாது.

1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழைய மனிதரின் கைவேலையே என்று ஆங்கில அறிஞர்கள் ஒப்புக்கொண்டனர். அச்செய்தி ஃபூட்டின் மனத்தில் பதிந்தது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், பல்லாவரம் இராணுவ மைதானத்தில் சரளை எடுப்பதற்காக வெட்டியிருந்த ஒரு குழியில் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது தானாக உடைந்த கல் அன்று. மனிதன் தட்டிச் செதுக்கிய கருவி. அதே ஆண்டில், வில்லியம் கிங் என்னும் தம் தோழருடன் சென்று, கொற்றலை ஆற்றின் அருகே அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. அந்தக் கல்லைக் கையில் எடுத்த நாளில் பேலியோலிதிக் என்ற சொல் பிறக்கவே இல்லை! ஜான் லப்பக் என்னும் ஆங்கில அறிஞர் 1865-இல் வெளியிட்ட நூலில்தான் அச்சொல்லும் நியோலிதிக் என்ற சொல்லும் முதன்முதலாக வந்தன. கிரேக்க மொழியில் பேலியோஸ் என்றால் பழைய. நியோஸ் என்றால் புதிய. லித்தோஸ் என்றால் கல். தட்டிச் செதுக்கிய கருவியின் காலம் பழைய கற்காலம். தேய்த்து வழவழப்பாக்கிய கருவியின் காலம் புதிய கற்காலம். பிரிஹிஸ்டாரிக் என்ற சொல்லை 1851-இல் டேனியல் வில்சன் ஆங்கிலத்தில் வழங்கச் செய்தார். எழுத்துச் சான்றுகளுக்கு முற்பட்டது என்பதே அதன் பொருள்.

ஃபூட் பின்னர் ஓய்ந்து உட்காரவில்லை. கர்னூல் பகுதியின் குகைகளைத் தம் மகனோடு ஆராய்ந்தார். பல்லாரிச் சீமையில் வாலியை எரித்த சாம்பல் என்று ஊரார் கதை சொல்லி வந்த மேடுகளைப் போன்றவற்றை ஆராய்ந்து, அவை புதிய கற்கால மக்களின் மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்று உணர்ந்தார். அந்நாளைய மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1883-இல் வெளிவந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல்தான். ஆகவே நம் நிலப்பகுதியும் அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியதே.

1891-இல் ஓய்வு பெற்ற பிறகும் பரோடா, மைசூர் அரசுகளுக்காக உழைத்தார். ஏற்காட்டில் வீடு அமைத்துத் தங்கினார். அவர் திரட்டிய கருவிகளையும் பானை ஓடுகளையும் 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவர் தயாரித்த பட்டியல் 1914-இலும், விளக்கக் குறிப்புகள் 1916-இலும் அச்சேறின. பட்டியலின் பெயரில் புரோட்டோஹிஸ்டாரிக் என்ற மற்றொரு சொல்லும் இருக்கிறது. எழுத்து வழக்கு வேரூன்றுவதற்குச் சற்று முந்தைய, வரலாற்றின் வாசற்படியான காலத்தை அது குறிக்கும்.

அவர் கருத்துக்கள் யாவும் நிலைத்துவிடவில்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே மனிதரின் தடயமே இல்லாத பெரிய இடைவெளி இருந்ததாக அவர் கருதினார். பின்வந்த ஆய்வாளர்கள் அந்த இடைவெளியை நுண்கற்கருவிகளால் நிரப்பினர். மறுபுறம், அவர் கண்ட அத்திரம்பாக்கம் எண்ணியதைவிடப் பழமையானது என்பதும் தெரியவந்தது. அங்குள்ள பழங்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிவியல் முறைப்படி கணக்கிட்டு வெளியிட்டனர்.

நம் மாவட்டத்துக்கே வருவோம். பழனி மலையில் பெரும் பலகைக் கற்களால் ஆன கல்திட்டைகள் உள்ளன. மலையடிவாரத்துப் பொருந்தலில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தார். ஈமக்குழி ஒன்றில் ஒரு சாடி நிறைய நெல்லும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மட்கலத் தாங்கியும் கிடைத்தன. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணித்தனர். எழுத்தில்லாத காலமும் எழுத்துள்ள காலமும் கைகோக்கும் இடம் நம் பழனிக்கு அருகிலேயே இருக்கிறது!

பழசாகிப் போன எதையும் இகழ்ச்சியாகப் பிரிஹிஸ்டாரிக் என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலம் படித்தவர்களிடம் உண்டு. ஃபூட்டின் வாழ்க்கையைப் படித்த பின் அது தவறு என்று எனக்குப் பட்டது. அச்சொல் எவருடைய தகுதியையும் அளப்பதன்று. எந்த வகைச் சான்று கிடைக்கிறது என்பதை மட்டுமே சொல்வது. என் குடும்பத்தில் பாட்டனார் வரையில் கைநாட்டுத்தான். அவர்கள் எழுதிய கடிதம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவர்கள் வெட்டிய கிணறும், பாட்டியார் அரைத்துத் தேய்ந்த அம்மியும் இருக்கின்றன. எழுதி வைக்காதவர்கள் வாழாதவர்கள் ஆகிவிடுவார்களா? கருவியைப் பார்த்துக் கையை அறிய முடியும் என்று காட்டியவர் ஃபூட்.

மாணவ நண்பர்களே! சென்னைக்குச் செல்லும்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை செல்லுங்கள். அங்குள்ள கற்கருவிகளின் முன் சற்று நில்லுங்கள். அவற்றைச் செய்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, மொழியும் தெரியாது. ஆனால் எந்தப் பக்கத்தில் பிடித்தார்கள், எந்தப் பக்கத்தில் வெட்டினார்கள் என்பது தெரியும். அதுவும் வரலாறே.