பெட்டிக் காமிரா தந்த துணிவு

அமெரிக்க நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸ், 1902-ஆம் ஆண்டில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் பிறந்தார். 1916-இல் பெற்றோருடன் யோஸமிட்டி பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது, அவர் கைக்குக் கோடக் 'பிரௌனி' பெட்டிக் காமிரா ஒன்று கிடைத்தது. தூரத்திற்கேற்பத் திருத்தும் வசதியற்ற எளிய கருவி அது. 1900-இல் அவ்வகைக் காமிரா முதன்முதல் விற்பனைக்கு வந்தபோது விலை ஒரே டாலர்தான்.

'ஹாப் டோம்' என்னும் பாறைச் சிகரத்தைப் படமெடுக்க, உளுத்த மரக்கட்டையொன்றின் மீது ஏறினார். கட்டை சரிந்தது, தலைகீழாக விழும்போதே விசை அழுந்திவிட்டது. படமும் தலைகீழாகவே பதிந்தது! ஆயினும் அவர் சோர்ந்தாரில்லை. ஆண்டுதோறும் அங்கே சென்றார். படங்களைக் கழுவி அச்சிடும் ஒருவரிடம் வேலை பார்த்து, இருட்டறை நுணுக்கங்களைக் கற்றார்.

1927 ஏப்ரல் 10-ஆம் நாள், அதே சிகரத்தின் எதிரே பெரிய காமிராவுடன் நின்றார். எஞ்சியவை இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் பில்டருடன் எடுத்தார். பின்னர், வானம் இருண்டு பாறை ஓங்கி நிற்கும் தோற்றத்தை மனத்தில் கண்டு, கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு பில்டரைப் பொருத்தினார். அப்படம் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. 1984-இல் அவர் மறைந்தார்.

கடைசித் தகட்டைத் துணிந்து செலவிட்ட உறுதி, எளிய பெட்டியொன்றில் தொடங்கிய பதினோராண்டுப் பழக்கத்தின் பயன். நம் இல்லத்துச் சிறுவர் சிறுமியர் கையில் எளிய காமிராவைக் கொடுக்கத் தயங்குவானேன்?