காளமேகத்தின் வசையும் வாழ்த்தும்

15ஆம் நூற்றாண்டினரான காளமேகப் புலவரின் இயற்பெயர் வரதன் என்பர். திருவரங்கத்து மடைப்பள்ளியில் பணிபுரிந்த அவர், திருவானைக்கா மோகனாங்கிபால் கொண்ட காதலால் சைவரானார். அகிலாண்டேசுவரியின் அருளால் பாவலரானார் என்பது மரபு. திருமலைராயன் பட்டினம் மண்மாரியால் அழியுமாறு பாடினார் எனும் கதை, அவர் வசைக்கு நாடு அஞ்சியமையைக் காட்டும்.

ஆயினும் அழித்தல் மட்டுமே அவர் கலையன்று. நாகைக் காத்தான் சத்திரத்தில் பசியோடு காத்திருந்தவர், அரிசி உலையேறும்போது ஊரே அடங்கிவிடும் என்றும், சோறு இலைக்கு வர விடிவெள்ளி எழும் என்றும் இகழ்ந்தார். சத்திரத்தார் வருந்தி வேண்டவே, சொல்லை மாற்றாது பொருளை மாற்றினார்: அடங்குவது ஊரின் பசி, சோற்றின் வெண்மைக்கு நாணி அகல்வது விடிவெள்ளி.

ஊர் உறங்குதலையும் பசி தணிதலையும் ஒரே சொல்லுக்கு உரிமையாக்கிய வழக்கே இதற்கு இடந்தந்தது. ஒருவர் பெயரைக் கெடுத்த பாட்டே அப்பெயரை இன்றளவும் காத்து நிற்கிறது.