இராமானுசனும் கயிறு பிடித்தோரும்

முத்துக்குளித்துறையில் கடலுள் மூழ்குபவனுக்கு எவ்வளவு சிறப்புண்டோ, தோணியில் நின்று கயிறு பிடிப்பவனுக்கும் அவ்வளவு சிறப்புண்டு. மூழ்கியவனின் மூச்சு மேலே நிற்பவன் கையில் அல்லவா இருக்கிறது! அதனாலேயே கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பது வழக்கம் என்று கரையோர ஊர்களில் கூறுவர். உடன்பிறந்தவளின் தாலியை எண்ணியாவது அவன் கண்ணயர மாட்டான் என்பது கருத்து. கணித மேதை சீனிவாச இராமானுசனின் வாழ்க்கையை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவர் மூழ்கியெடுத்த முத்துகளையே பேசினர். கயிறு பிடித்தவர்களையும் உடன்வைத்து நோக்குமிடத்து அவ்வாழ்க்கை வேறொரு தோற்றம் கொள்கிறது.

1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த இராமானுசன் வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடிச் சிறிது வருவாய் ஈட்டியவர். வருவாய் போதாமையால் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் கல்லூரி மாணவர்களை உணவும் இடமும் தந்து தங்கவைத்தனர். அம்மாணவர்களே இராமானுசனின் முதல் கணித ஆசிரியர்கள் எனலாம். அவர்கள் அறிந்த கணக்கெல்லாம் சிறுவன் அறிந்துகொண்ட பின்பு, லோனி எழுதிய முக்கோணவியல் நூலைத் தருவித்துக் கொடுத்தனர். அதுவும் விரைவில் முடிந்தது.

1903இல் அவர் கைக்கு வந்தது கார் என்பவர் தொகுத்த பெருநூல். இந்நூலைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். கார், இலண்டனில் மாணவர்களைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். கேம்பிரிட்ஜ் தேர்வின் கடுங்கணக்குகளோடு போராடும் மாணவர்க்கு உதவும்பொருட்டு, ஆயிரக்கணக்கான முடிபுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருந்தார். நிறுவல்கள் மிகச் சில. பலவற்றிற்குக் குறிப்பு மட்டும் உண்டு. சிலவற்றிற்கு அதுவும் இல்லை. உரையில்லாமல் சூத்திரம் மட்டும் அச்சிட்ட இலக்கண நூலை ஒரு மாணவன் கையில் கொடுத்தது போன்ற நிலை. சூத்திரத்திற்குத் தாமே உரை கண்டுகொள்ளப் பழகிய இராமானுசன், பின்னாளில் தாமும் சூத்திரம் மட்டும் எழுதும் வழக்கத்தை மேற்கொண்டார். தாள் வாங்கப் பணமில்லை என்பது மற்றொரு காரணம். கற்பலகையில் சுண்ணக்கட்டியால் கணக்கிட்டு, முழங்கையால் துடைத்துவிட்டு, முடிபை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். உலகம் பின்னர் கேட்ட நிறுவல்களுள் எத்தனை அந்த முழங்கைக்கு இரையாயினவோ!

கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்தமையால் பிற பாடங்கள் கைவிட்டன. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். ஆயினும் அக்கல்லூரியில் ஒரு நன்மை விளைந்தது. கணிதப் பேராசிரியர் பி. சிங்காரவேலு முதலியார் இம்மாணவரைத் தம்மோடு இருத்திக்கொண்டு, கணித இதழ்களில் வெளிவரும் அருங்கணக்குகளை இருவருமாக விடுவிக்க முயன்றார். ('அபிதான சிந்தாமணி' தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் வேறொருவர். அவரும் பச்சையப்பரின் நிறுவனத்தில் தமிழ் கற்பித்தவர் ஆதலின் மயங்க இடமுண்டு.) ஆசிரியரும் மாணவரும் ஒரே கணக்கின்முன் சமமாக அமர்வது எக்காலத்தும் அரிது.

தேர்வில் தோற்ற இளைஞர், 1909இல் சானகியை மணந்தவர், வேலை தேடி 1910இல் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். அரசுப் பணியில் இருந்துகொண்டே கணிதத்தில் தோய்ந்த இவர், 1907இல் நாடெங்குமிருந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் எழுதி, ஏறத்தாழ இருபது பேரை ஒன்றுதிரட்டி ஒரு கழகம் கண்டார். பின்னர் இந்தியக் கணிதக் கழகம் எனப் பெயர் பெற்றது அதுவே. தனிமையில் வாடும் ஒருவர்க்கு நூல்களும் இதழ்களும் அஞ்சலில் கைமாறிக் கிடைக்கச் செய்வதே தொடக்க நோக்கம். இலக்கிய வட்டம் நடத்திப் பார்த்தவர்க்கு அம்முயற்சியின் அருமை புலப்படும். இராமானுசன் நீட்டிய குறிப்பேட்டைப் புரட்டிய இராமசாமி ஐயர், தம் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கேட்டவருக்கு அவ்வேலையைத் தர மறுத்தார்; வருவாய்த் துறையின் கோப்புகளுக்கிடையில் இந்த அறிவைப் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னை அன்பர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதிக்கொடுத்து அனுப்பினார். பேராசிரியர் சேசு ஐயர், நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் என்று கயிறு கைமாறிச் சென்றது. இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் 25 ரூபாய் தந்தார்.

கழகத்தின் இதழில் வினாப் பகுதி ஒன்று உண்டு. ஒருவர் கணக்கை விடுப்பார். மற்றவர் விடுவித்து எழுதுவர். ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லும் நம் புலவர் மரபை இது ஒத்திருக்கிறது. 1911 முதல் இராமானுசன் இப்பகுதியில் ஏறத்தாழ 60 வினாக்களை விடுத்தார். அவற்றுள் 289ஆம் வினா புகழ்பெற்றது. வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பு யாது என்பது வினா. மூன்று இதழ்கள் வெளிவந்தும் விடை வரவில்லை. இராமானுசனே விடை எழுதினார். விடை 3. மூன்று என்பது ஒன்பதின் மூலம். ஒன்பது என்பது ஒன்றும் இருநான்கும். அந்த நான்கு பதினாறின் மூலம். பதினாறு என்பது ஒன்றும் மூவைந்தும். அந்த ஐந்து இருபத்தைந்தின் மூலம். இருபத்தைந்து என்பது ஒன்றும் நாலாறும். இவ்வாறே செல்லும். அந்தாதி போல ஒன்றன் முடிவில் மற்றொன்று தொடங்கும் இவ்வழகைக் காண உயர்கணிதம் வேண்டுவதில்லை. ஆனால் முடிவின்றிச் செல்லும் கோவை உண்மையில் மூன்றை எட்டுகிறதா என்பதை நிறுவ மற்றொரு படி வேண்டும். அப்படியை இராமானுசன் எழுதவில்லை. அவர் வாழ்வின் முழுச் சிக்கலும் இச்சிறு கணக்கில் அடங்கியுள்ளது.

அவருடைய முதற் கட்டுரை அதே ஆண்டில் வெளிவந்தது. இதழாசிரியரான பெங்களூர் நாராயண ஐயங்கார் தெளிவு வேண்டி அதனை ஒருமுறைக்கு மேலும் திருப்பியனுப்பினார். 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் எழுத்தரானார். அங்கே உயர் அலுவலராயிருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் பயின்றவர். இரவுதோறும் திருவல்லிக்கேணி வீட்டில் இருவரும் ஆளுக்கொரு பலகையோடு அமர்ந்தனர். பத்துப் படிகளை ஒரே தாவலாகத் தாவிய இராமானுசனிடம், தமக்கே விளங்காதது பிறர்க்கு எவ்வாறு விளங்கும் என்று கூறி, இடைப்படிகளை எழுத வற்புறுத்தினார் ஐயர். இராமானுசனுக்கு வாய்த்த உதவிகளுள் மிகவும் பயன் மிக்கது இதுவே என்று துணியலாம். புகழ்ந்தவர் பலர், விளங்கவில்லை என்று கூறத் துணிந்தவர் இவர்.

இலண்டன் பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பப்பட்ட கணக்குகளுக்கு 1912 இறுதியில் விடை வந்தது. முடிவிலாத் தொடர்களின் படுகுழிகளில் இவர் விழுந்திருக்கிறார் என்று கூறி, கற்கவேண்டிய நூலையும் ஹில் சுட்டினார். இயல் எண்கள் அனைத்தையும் கூட்டினால் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதுவும் குறையெண்ணாக வரும் என்று எழுதியவரைப் பற்றி வேறென்ன நினைத்திருப்பார்! அக்கூற்றுக்கும் ஒரு பொருளுண்டு என்பதை உணர்வார் வேண்டியிருந்தது. 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு இராமானுசன் விடுத்த கடிதம் அத்தகையவரைச் சென்றடைந்தது. ஹார்டியும் நண்பர் லிட்டில்வுட்டும் கணக்குகளை ஆராய்ந்தனர். சில ஏற்கெனவே அறியப்பட்டவை, சில புதியவை, பகா எண்களைப் பற்றிய சில தவறானவை. பிப்ரவரி 8ஆம் நாள் ஹார்டி எழுதிய மறுமொழியில் பாராட்டோடு ஒரு கோரிக்கையும் இருந்தது: நிறுவல்களை அனுப்புக.

இராமானுசன் அனுப்பவில்லை. தம் வழிமுறையை விளக்கினால் நம்ப மாட்டார்கள் என்றும், முதலில் வயிற்றுக்கு வழி வேண்டும், அதற்கு ஹார்டியின் பரிவான ஒரு சொல் உதவும் என்றும் எழுதினார். களவுக்கு அஞ்சி மறைக்கிறாரோ என்ற ஐயம் கேம்பிரிட்ஜில் எழுந்ததை அறிந்து வருந்தினார். அரங்கேற்றத்திற்கு அஞ்சும் புலவனின் நிலை இது. பாடல் கைவசம் இருக்கிறது. அவையோர் தடை எழுப்பினால் விடை கூறப் பழக்கமில்லை. ஹார்டியின் சொல்லும் சென்னை அன்பர்களின் முயற்சியும் சேர்ந்து, பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் மாத உதவித்தொகையைப் பெற்றுத் தந்தன.

1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறினார். ஹார்டி மேற்கொண்ட பணி எளிதன்று. நிறுவல் என்னும் ஒழுங்கைக் கற்பிக்க வேண்டும். மிகுதியாகக் கற்பித்தால் ஊற்று அடைபடும். லிட்டில்வுட் ஒன்றைக் கற்பிக்கத் தொடங்கினால், அதிலிருந்து இராமானுசன் பத்துப் புதியனவற்றைக் கிளப்பிவிடுவார், பாடம் நின்றுவிடும். இருவரும் ஒருவாறு வழி கண்டனர். 1918இல் ஹார்டியோடு சேர்ந்து வெளியிட்ட எண் கூறுபாட்டு ஆய்வு அவ்வழியின் கனி. நான்கை ஐந்து வகையாகக் கூறிடலாம்: நான்கு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள். இருநூறை எத்தனை வகையாகக் கூறிடலாம்? மேக்மகான் என்னும் முன்னாள் படைத்துறை அலுவலர் கையால் கணக்கிட்டு வைத்திருந்தார்: 39,72,99,90,29,388. சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது அதே எண் வந்தது. பிழை ஆயிரத்தில் நான்கு பங்கு. இராமானுசனின் உள்ளொளி, ஹார்டியின் நிறுவல், மேக்மகானின் பொறுமை ஆகிய மூன்றுள் ஒன்று குறைந்திருப்பினும் அவ்வாய்வு அந்த வடிவில் நிறைவெய்தியிராது.

உதவி பெற்றவர் உதவியும் செய்தார். 1914இல் மாணவர் மகலனோபிசு, இதழொன்றில் கண்ட புதிரைப் படித்துக் காட்டினார். 1 முதல் வரிசையாக எண்ணிட்ட தெருவில், ஒரு வீட்டின் இருபுறத்து எண்களின் கூட்டுத்தொகைகளும் சமம், வீடுகள் 50க்கும் 500க்கும் இடைப்பட்டவை, அவ்வீடு யாது? அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுசன், அத்தகைய தெருக்கள் அனைத்துக்கும் பொருந்தும் தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். கேட்ட விடை, 288 வீடுகளுள் 204ஆம் வீடு.

ஆயினும் கேம்பிரிட்ஜில் பிடிக்கப்பட்ட கயிறு கணிதக் கயிறு மட்டுமே. போர்க்காலம், மரக்கறி உணவு அரிது, தாமே சமைத்து, சமைக்க மனமில்லாத நாளில் பட்டினி கிடந்து, 1917இல் நோயில் வீழ்ந்தார். மருத்துவ இல்லங்கள் மாறின. வீட்டுக் கடிதங்கள் அருகின. சானகி எழுதியவற்றை மாமியார் அனுப்பாது தடுத்தார் என்பது பின்னர்த் தெரியவந்தது. 1918இன் தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இரயிலின்முன் பாய்ந்து உயிர்விட முயன்றார். நாள்தோறும் உடனிருந்து கணக்கிட்ட ஹார்டி, நண்பரின் வீட்டு நிலையை அந்நாள்வரை அறிந்ததில்லை என்றே தோன்றுகிறது. அதே ஆண்டில் வேந்தர் கழக உறுப்பினர் பேறும் திரினிடிக் கல்லூரி ஆய்வாளர் பேறும் வந்தன; அவற்றுக்காக ஹார்டி பெரிதும் முயன்றார்.

1919இல் நாடு திரும்பிய இராமானுசனைக் காத்தவர் சானகி. வேளைக்கு மருந்தும், வலிக்கும்போது வெந்நீர் ஒத்தடமும், கேட்டபோதெல்லாம் தாளும் தந்தார். அத்தாள்களிலிருந்தே 1920 சனவரி 12ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதம் பிறந்தது. போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதுமை அதில் இருந்தது. ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் இராமானுசன் மறைந்தார். அகவை 32.

எழுதாமல் விட்ட நிறுவல்களை உலகம் இன்னும் எழுதிவருகிறது. குறிப்பேடுகளை முதலில் வாட்சனும் வில்சனும் ஆராய்ந்தனர். புரூசு பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் அப்பணியை நிறைவு செய்தார். சானகி எடுத்துக்கொடுத்த தாள்களில் எழுதியவற்றுள் எஞ்சிய பக்கங்களை 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூசு கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுத்தார். போலித் தீட்டாச் சார்புகளின் உட்பொருளை 2002இல் டச்சு ஆய்வாளர் ஸ்வெகர்சு விளக்கினார்.

சானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையற்பணியால் வாழ்ந்து, ஒரு மகனையும் எடுத்து வளர்த்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகப் பலரும் கூறினர், ஒருவரும் வைக்கவில்லை என்று அவர் வருந்தியதை அமெரிக்கக் கணிதவியலார் அறிந்தனர். ரிச்சர்டு ஆசுக்கி முன்னின்று பல நாட்டுக் கணிதவியலாரிடம் பணம் திரட்ட, பால் கிரான்லண்ட் என்னும் சிற்பி கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்து வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வடித்தார். 1980களில் அச்சிலை அம்மையாரின் வீடு வந்து சேர்ந்தது. அவர் 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காலமானார்.