மரச் செங்கோல் ஏந்திய மகாராணி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

கோப்பர்நிக்கசின் பெயரை அறியாத அறிவியல் மாணவர் இருக்க முடியாது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று எடுத்துரைத்த அப்பேரறிஞர், 1491ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞராக, போலந்து நாட்டின் அன்றைய தலைநகரமான கிராக்கோவுக்கு வந்து அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இதை நாம் அறிவோம். ஆனால், அவர் வந்து சேர்வதற்கு அங்கே ஒரு பல்கலைக்கழகம் இருந்ததே, அதை வாழவைத்தவர் யார்? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் யாட்விகா என்னும் அரசியின் வரலாறு எனக்குக் கிடைத்தது. இருபத்தாறு வயதைக்கூடத் தாண்டாத அந்த வாழ்க்கையை நம் கல்லூரித் தோழர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கல்லில் எழுந்த நகரம்

விஸ்துலா ஆற்றின் கரையில் வாவெல் என்றொரு குன்று. அதன்மேல் அரண்மனையும் பேராலயமும். குன்றின் கீழே விரிகிறது கிராக்கோவ் நகரம். நகரின் நடுவே பெருஞ்சதுக்கம் ஒன்று உள்ளது. 1257ஆம் ஆண்டில் நகருக்குத் தெருவும் மனையும் வகுத்தபோதே அளந்து விடப்பட்ட வெளி அது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 200 மீட்டர். அதன் நடுவில் துணி வணிகர்களின் நீண்ட மண்டபம். ஒரு மூலையில், உயரம் ஒவ்வாத இரட்டைக் கோபுரங்களுடன் மரியன்னை ஆலயம். 1978இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரின் பழம் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

மரவீடுகள் மலிந்த நாட்டில் கற்கட்டடங்களை எழுப்பியவர் என்று புகழப்படுபவர் மன்னர் மகா காசிமிர். 1364ஆம் ஆண்டில் இவர் கிராக்கோவில் பல்கலைக்கழகம் ஒன்றையும் நிறுவினார். ஆனால் 1370இல் மன்னர் மறைந்ததும் அது கவனிப்பாரின்றிச் சோர்ந்து போயிற்று. கல்லை அடுக்கினால் கட்டடம் நிற்கும். கல்வி நிற்க வேண்டுமானால் ஆண்டுதோறும் பொருள் வேண்டுமல்லவா?

பத்து வயதில் மணிமுடி

காசிமிருடைய சகோதரியின் மகன் லூயி, அங்கேரிக்கும் போலந்துக்கும் அரசராக இருந்தவர். அவருடைய இளைய மகளே யாட்விகா. 1373ஆம் ஆண்டின் இறுதியிலோ அடுத்த ஆண்டின் தொடக்கத்திலோ பிறந்தவர். தந்தை 1382இல் இறந்தார். 1384ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வாவெல் பேராலயத்தில் யாட்விகாவுக்கு முடிசூட்டினார்கள். அப்போது அவருக்கு வயது பத்து. அரசரின் மனைவியாக அன்றி, நாட்டை ஆளும் உரிமை உடையவராக, அரசர் என்ற பட்டத்துடனேயே அவர் முடிசூடினார்.

முடி கிடைத்தது, விருப்பப்படி வாழும் உரிமை கிடைக்கவில்லை. குழந்தைப் பருவத்திலேயே ஆஸ்திரிய இளவரசர் வில்லியமுக்கு அவரை நிச்சயித்திருந்தனர். போலந்தின் பிரபுக்களோ அண்டை நாடான லிதுவேனியாவின் அரசர் யாகெல்லோவை அவருக்கு மணமுடிக்க முடிவு செய்தார்கள். யாகெல்லோ வயதில் மிக மூத்தவர். வேற்று மொழியும் வேற்றுச் சமயமும் உடையவர். வில்லியமைக் காண வழிவிடாமல் அடைத்த கதவை அச்சிறுமி கோடரியால் பிளக்க முயன்றாள் என்று பழைய கதையொன்று சொல்கிறது. அது உண்மையோ இல்லையோ, அந்தக் கோடரியைச் சுழற்ற முயன்ற கையின் தவிப்பை எந்தப் பெண்ணும் புரிந்துகொள்வாள். யாகெல்லோ கிறித்தவ சமயத்தைத் தழுவினார். 1386 பிப்ரவரியில் திருமணம் நடந்தது. அதன்பின் இருவரும் சேர்ந்தே நாட்டை ஆண்டனர்.

காலணியின் பொன் கொளுக்கி

இந்த அரசியைப் பற்றி மக்கள் வழங்கும் கதை ஒன்று உண்டு. கிராக்கோவில் கார்மேல் சபையினர் ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தபோது, கல்தச்சர் ஒருவர் கவலையோடு நிற்பதை யாட்விகா கண்டார். மனைவி நோயுற்றுக் கிடக்க, மருத்துவத்துக்குக் காசில்லை என்று அறிந்ததும், தம் காலணியில் இருந்த பொன் கொளுக்கியைக் கழற்றிக் கொடுத்தாராம். அப்போது ஈரச் சுண்ணாம்பில் பதிந்த அவருடைய பாதத்தின் தடம் என்று ஒரு கல்லை இன்றும் அவ்வாலயத்தின் சுவரில் பதித்துக் காட்டுகிறார்கள். இது கதைதான். ஆனால் எல்லா அரசிகளைப் பற்றியும் மக்கள் இப்படிக் கதை கட்டுவதில்லையே!

வரலாறு உறுதியாகச் சொல்லும் செய்திகளும் உள்ளன. லிதுவேனிய மாணவர்கள் படிப்பதற்காகப் பிராகு நகரில் 1397இல் ஒரு கல்லூரி விடுதிக்கு வழிசெய்தார். அதே ஆண்டில், கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் இறையியல் துறை தொடங்கப் போப்பாண்டவரின் அனுமதியையும் பெற்றார்.

1399 ஜூன் மாதத்தில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று வாரங்களில் குழந்தை இறந்தது. நான்கே நாட்களில், ஜூலை 17ஆம் நாள், தாயும் கண்ணை மூடினார். தம் நகைகளையும் உடைமைகளையும் ஏழைகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்று அவர் எழுதி வைத்திருந்தார். மறு ஆண்டு, 1400 ஜூலையில், யாகெல்லோ பல்கலைக்கழகத்தைப் புதுப்பித்துத் திறந்தார். புனித அன்னாள் தெருவில் ஒரு வீடு வாங்கப்பட்டது. அதுவே வளர்ந்து பெரிய கல்லூரி என்ற பொருள்பட கொலேகியம் மையுஸ் ஆயிற்று. வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த அதன் செங்கல் முற்றம் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. இன்று அது பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம். அமெரிக்கா என்னும் பெயர் பொறித்த மிகப் பழைய பூவுருண்டைகளுள் ஒன்று அங்கே உள்ளது.

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதலாண்டுச் செலவுக்காக அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அவர் காதில் இன்று வேப்பங்குச்சிதான் இருக்கிறது. ஆகவே, நகை ஒன்று படிப்பாக மாறுவது எனக்குப் புத்தகச் செய்தி அன்று. யாட்விகாவை அதனாலேயே நெருக்கமாக உணர்கிறேன்.

ஐந்நூறு ஆண்டுக் காத்திருப்பு

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு பெண்ணின் பொருளால் உயிர்த்தெழுந்த அப்பல்கலைக்கழகம் பெண்களை உள்ளே விடவில்லை. 1894ஆம் ஆண்டில்தான் மருந்தியல் பயில மூன்று பெண்களுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. அரசி மறைந்து 495 ஆண்டுகள் கழித்து! அந்த மூவரில் ஒருவர் பெயரும் யாட்விகாதான். பல்கலைக்கழகமோ அவருடைய கணவர் மரபின் பெயரால் யாகெல்லோனியப் பல்கலைக்கழகம் என்றே வழங்குகிறது.

அதற்கு இன்னொரு சோதனையும் வந்தது. 1939 நவம்பர் 6ஆம் நாள், கிராக்கோவைக் கைப்பற்றியிருந்த செருமானியர்கள் ஒரு சொற்பொழிவு என்று பேராசிரியர்களை வரவழைத்து, அந்த மண்டபத்திலேயே கைது செய்தார்கள். கைதானவர்கள் 183 பேர். பலர் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் அங்கேயே மாண்டனர். கட்டடங்கள் பூட்டப்பட்டன. ஆனாலும் 1942 முதல் வீடுகளில் மறைவாக வகுப்புகள் நடந்தன. நூற்றுக்கணக்கான மாணவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் படித்தார்கள்.

வாவெல் பேராலயத்தில் 1902இல் யாட்விகாவுக்கு வெண்பளிங்கில் நினைவுக் கல்லறை அமைத்தார்கள். 1949இல் அவருடைய பழைய கல்லறையைத் திறந்தபோது, உடலோடு வைத்த செங்கோலும் அரச உருண்டையும் கிடைத்தன. பொன்னால் ஆனவை அல்ல, மரமும் தோலுமே. அடக்கத்துக்கென்று இப்படி எளிய சின்னங்கள் செய்வது அக்கால வழக்கம் என்பார்கள். இருக்கட்டும். அவருடைய பொன் எங்கே போயிற்று என்பதை நாம் அறிவோம். 1997இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்தப் போப்பும், போர்க்காலத்தில் மறைவாகப் பயின்ற அப்பல்கலைக்கழக மாணவர்களுள் ஒருவரே!

நண்பர்களே! யாட்விகா தம் பொருளால் எழுந்த கல்லூரியைக் கண்ணால் பார்க்கவில்லை. கோப்பர்நிக்கஸ் என்று ஒருவர் வருவார் என்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். நமக்காகவும் யாரோ எதையோ கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் நாம் அமரும் வகுப்பறையைப் பார்த்ததுகூட இல்லை. மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழையும்போது அவர்களை ஒருமுறை நினைத்துக்கொள்வோம், நினைத்துக்கொண்டு படிப்போம்.