காற்றைச் சேமித்த ஆசிரியர்

காற்று நம் கட்டளைக்குப் பணிந்து வீசுவதில்லை. கதிரவனும் இரவில் காய்வதில்லை. ஆனால் நமக்கு விளக்கு வேண்டுவது இரவில்தானே? இயற்கையின் ஆற்றலைக் கிடைக்கும்போது சேர்த்து, இல்லாதபோது எடுத்துச் செலவிடும் வழியை 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டினார் ஒரு பள்ளி ஆசிரியர். அவரே டென்மார்க் நாட்டு விஞ்ஞானி பௌல் லா கூர்.

1846ஆம் ஆண்டு பிறந்த இவர், வானிலை ஆய்வு நிலையத்தின் துணை இயக்குநராக உயர்ந்தார். தந்தித் துறையிலும் புதுமைகள் கண்டார். எனினும் 1878இல், ஆஸ்கோவ் என்னும் சிற்றூரில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். நகரங்கள் மின்னொளி பெற, கிராமங்கள் இருளில் கிடப்பது அவர் உள்ளத்தை உறுத்தியது.

1891இல் அரசின் உதவியோடு அங்கே ஒரு காற்றாலை அமைத்தார். அது தந்த மின்சாரத்தை நீரில் செலுத்தி, ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் பிரித்தெடுத்தார். அவ்வாயுக்களைத் தொட்டிகளில் சேர்த்துக் குழாய் வழியே அனுப்பினார். 1895 முதல் பள்ளியின் விளக்குகள் அவற்றால் எரிந்தன. காற்று ஓய்ந்த இரவிலும் வகுப்பறையில் ஒளி இருந்தது!

பாதை எளிதாக இருக்கவில்லை. வாயுக்கள் கலந்து வெடித்ததால் பள்ளியின் சன்னல் கண்ணாடிகள் பலமுறை நொறுங்கின. அவர் மனந்தளரவில்லை. பின்னர் மின்சாரத்தைச் சேமக்கலங்களில் சேர்த்து ஊருக்கே ஒளி கொடுத்தார். 1904 முதல் கிராம இளைஞர்களுக்கு மின்பணி கற்பித்தார். அவர்களுள் ஒருவரான யொஹானஸ் யூல், 1957இல் புகழ்பெற்ற கெட்சர் காற்றாலையை நிறுவினார். லா கூர் 1908இல் மறைந்தார்.

சேமித்த ஹைட்ரஜனை மீண்டும் மின்சாரமாக்க அவரிடம் தக்க கருவி இல்லை. இன்று எரிபொருள் மின்கலம் அதைச் செய்கிறது. அதிலிருந்து வெளிவருவது நீரே. நார்வேயின் உட்சிரா தீவில் 2004இல் காற்றாலை, ஹைட்ரஜன் தொட்டி, எரிபொருள் மின்கலம் ஆகியவற்றை இணைத்து 10 வீடுகளுக்கு மின்சாரம் அளித்துப் பார்த்தனர். இம்முறையில் ஆற்றலின் பெரும்பகுதி வழியிலேயே வீணாகிறது. ஆகவே எத்தனை நாள் காற்று ஓயும், எவ்வளவு வாயு வேண்டும் என்று கணக்கிட்டே தொட்டியையும் மின்கலத்தையும் அமைக்கின்றனர்.

கற்ற கல்வியை இருள் சூழ்ந்த இடத்திற்கு எடுத்துச் சென்றார் லா கூர். நாமும் நம் கல்வியை எங்கே எடுத்துச் செல்லப் போகிறோம் என்று எண்ணிப் பார்ப்போமாக!