காலிங்கராயன் வாய்க்கால் ஏன் இவ்வளவு கோணலாக ஓடுகிறது?

பவானியிலிருந்து கொடுமுடிக்கு நேர்கோடு போட்டால் ஐம்பது கிலோமீட்டர்கூட வராது. ஆனால் காலிங்கராயன் வாய்க்கால் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடுகிறது. வளைந்து, திரும்பி, சில இடங்களில் வந்த திசைக்கே முகம் காட்டி, கடைசியில் கொடுமுடி அருகே ஆவுடையாபாறையில் நொய்யலில் சேர்கிறது. ஈரோட்டில் ஒரு பகுதிக்கே கோணவாய்க்கால் என்றுதான் பெயர்.

வெட்டியவர் கணக்குத் தப்பிவிட்டாரா?

வெட்டியவர் காலிங்கராயன். வெள்ளோடு பகுதியைச் சேர்ந்த சாத்தந்தை குலத்துக்காரர். 13-ம் நூற்றாண்டில் கொங்கை ஆண்ட வீரபாண்டியனிடம் அதிகாரியாக இருந்தவர். காலிங்கராயன் என்பதுகூட அவருக்குக் கிடைத்த பட்டம்தான்; பட்டமே பேராக நின்றுவிட்டது. காவிரியோடு சேர்வதற்குச் சற்று முன்னால் பவானி ஆற்றின் குறுக்கே அணை கட்டி, அங்கிருந்து வாய்க்கால் இழுத்தார். 1271-ல் தொடங்கிய வேலை 1283-ல் முடிந்ததாகச் சொல்லப்படுகிறது. பன்னிரண்டு வருஷம்!

எந்த வழியாக வெட்டுவது என்று தெரியாமல் அவர் தவித்தபோது ஒரு பாம்பு ஊர்ந்து வழி காட்டியது, அந்தத் தடத்திலேயே வெட்டினார் என்பது ஊர்க்கதை. அணையில் பாம்புச் சிற்பமும் இருக்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பாம்பு போன தடம் என்று சொன்னதில் ஒரு விஷயம் இருக்கத்தான் செய்கிறது.

நேராக வெட்டியிருந்தால் மேடு வரும் இடத்தில் ஆழமாகத் தோண்ட வேண்டும். அங்கே தண்ணீர் வயலுக்குக் கீழே போய்விடும், இறைத்துத்தான் பாய்ச்சணும். பள்ளம் வந்தால் உயரமாகக் கரை கட்டணும். ஒரு மழைக்கு உடையும். சரிவு கூடினால் தண்ணீர் வேகம் பிடித்துக் கரையை அரிக்கும். காலிங்கராயன் மேட்டைக் கண்டால் சுற்றினார், பள்ளத்தைக் கண்டால் ஒதுங்கினார். நிலம் ஒரே மட்டமாக இருக்கும் வரியைப் பிடித்துக்கொண்டே போனதால் தண்ணீர் மெதுவாக நடக்கிறது. வாய்க்காலுக்கும் காவிரிக்கும் நடுவில் உள்ள வயல்களுக்கு மடையைத் திறந்தால் போதும், தானாகப் பாயும். மேலிருந்து பார்த்தால் தப்பு மாதிரி தெரிவது, மட்டத்தில் பார்த்தால் ரொம்பச் சரி. நீளம் கூடியதிலும் நஷ்டமில்லை. வளைவு கூடக் கூட அதிக வயல்களின் தலைமாட்டை வாய்க்கால் தொடுகிறது. இன்றைக்கும் 15,700 ஏக்கருக்கு மேல் மஞ்சள், நெல், கரும்பு, வாழை என்று விளைவது இந்தத் தண்ணீரில்.

அணைக்குப் பிறகு அவர் வாழ்க்கை? அங்கேதான் மனசு கனக்கிறது. தன் சொந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் இத்தனையும் என்று பேச்சு கிளம்பியதாம். தானும் தன் வம்சமும் இந்த வாய்க்கால் தண்ணீரைத் தொடமாட்டோம் என்று சபதம் செய்துவிட்டு, குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்கிறது வழக்கு. அவர் வம்சத்தார் அங்கே ஜமீன்களாக இருந்தது உண்மை. பேச்சில்தான் நியாயம் இல்லை. வாய்க்கால் காவிரியை ஒட்டியே போகிறது. வெள்ளோடு அதற்கு மேற்கே மேட்டில் இருக்கிறது. மட்டம் பார்த்து வெட்டிய வாய்க்கால், வெட்டியவர் ஊருக்கு ஏறவே இல்லை.